சேற்றில் வரையாத கோடு

ஜெர்மனியின் வடகரையில் குக்ஸ்ஹாஃபன் நகரை ஒட்டியுள்ள சாலன்புர்க் கடற்கரையிலிருந்து நொய்வெர்க் தீவுக்குச் சுமார் 10 கி.மீ. தூரத்தைக் கடல் வற்றும் நேரத்தில் நடந்தே கடக்கலாம் என்று பிரேமனில் என்னுடன் வேலை செய்பவர் சொன்னபோது, வேதாரண்யத்துக்காரனான எனக்கு அதில் பெரிய வியப்பு ஏற்படவில்லை. கடல் உள்வாங்குவதையும், முழங்கால் அளவுச் சேற்றில் இறங்கி நண்டு பிடிப்பதையும் சிறுவயதிலேயே பார்த்தவன் நான். ஆனால் செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலையில், வழிகாட்டியின் பின்னால் இருபது பேரோடு வரிசையாக இறங்கி நடக்கத் தொடங்கிய அரை மணி நேரத்திலேயே, எனக்குத் தெரிந்த சேறு வேறு, இந்தச் சேறு வேறு என்பது புரிந்துவிட்டது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மணலும் சேறுமாக விரிந்த வெளியில், சுள்ளிக் கட்டுகளை நட்டு வழியை அடையாளப்படுத்தியிருக்கிறார்கள். இடையிடையே உயரமான கம்பங்களின் உச்சியில் கூண்டு போன்ற மேடைகள் நிற்கின்றன. நேரம் தவறிச் சிக்கிக்கொள்பவர்கள் ஏறி உயிர் பிழைப்பதற்கானவை அவை. அவற்றைக் கடக்கும்போதெல்லாம் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

காலடியில் எங்கு நோக்கினாலும் முறுக்குப் பிழிந்து வைத்ததுபோல் சிறு சிறு மணற்சுருள்கள். மணலுக்கடியில் வாழும் ஒருவகைக் கடற்புழு மணலை விழுங்கி, அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு, எஞ்சியதை வெளியே தள்ளும் எச்சம் அது. ஒரு புழு ஓராண்டில் 25 கிலோ மணலை இப்படிப் புரட்டிவிடும் என்றார் வழிகாட்டி. மண்வெட்டியால் ஒரு பிடி வெட்டிக் காட்டினார்; மேலே பழுப்பு நிறத்தில் விரற்கடை அளவு, அதற்குக் கீழே அழுகிய முட்டை வாடையோடு கன்னங்கரேலென்று சேறு, அதற்குள் கொசகொசவென்று மட்டிகளும் புழுக்களும். இந்த ஒரு பிடிச் சேற்றுக்காகத்தான் சைபீரியாவிலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் பறவைகள் வருகின்றன என்று அவர் சொல்லிவிட்டு, வெட்டியதை அப்படியே திருப்பிக் குழியில் கவனமாக வைத்து மூடினார்.

இந்தச் சேற்று வெளிக்கு வாடன் கடல் என்று பெயர். நெதர்லாந்தின் டென் ஹெல்டரில் தொடங்கி, ஜெர்மனியின் வடகடற்கரை முழுவதையும் தழுவி, டென்மார்க்கின் எஸ்பியர் துறைமுகத்தைத் தாண்டி முடிகிறது. நீளம் சுமார் 500 கி.மீ., பரப்பு சுமார் 11,500 சதுர கி.மீ. ஏற்றவற்றத்தால் நாளொன்றுக்கு இருமுறை மூழ்கி இருமுறை வெளிப்படும் நிலங்களில், இடைவெளியின்றித் தொடர்வனவற்றுள் உலகிலேயே பெரியது இதுதான். ஆண்டுதோறும் 1 கோடிக்கு மேற்பட்ட வலசைப் பறவைகள் இங்கே இறங்கி உண்டு உடல் தேற்றிக்கொள்கின்றன. 2009-இல் டச்சு, ஜெர்மன் பகுதிகளும், 2011-இல் அப்போது விடுபட்டிருந்த ஹாம்பர்க் மாநிலப் பகுதியும், 2014-இல் டேனிஷ் பகுதியும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. ஹாம்பர்க் இரண்டு ஆண்டு பின்தங்கியதற்குக் காரணம், எல்பே ஆற்றை ஆழப்படுத்திப் பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு இந்த அங்கீகாரம் குறுக்கே நின்றுவிடுமோ என்ற அச்சம். இயற்கைப் பாதுகாப்பு ஒத்துழைப்பு என்றதும் எல்லோரும் கைகோத்து நிற்கும் படமே நினைவுக்கு வருவதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

மூன்று நாடுகள், ஒரே சேறு. எந்த இடத்தில் ஒரு நாடு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று அந்த வெளியில் நின்று சொல்லிவிட முடியாது. கால்வாய்கள் இடம் மாறுகின்றன, மணல்திட்டுகள் நகர்கின்றன, சில தீவுகளே மெல்ல மெல்லக் கிழக்கு நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கின்றன. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, எம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் இடையிலான எல்லை எது என்பது இன்றுவரை முடிவாகவில்லை என்பதுதான். 15-ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஒருவர் உள்ளூர் பிரபுவுக்குக் கொடுத்த உரிமைப் பத்திரத்தைக் காட்டி, ஆறு முழுவதும் தனக்கே என்கிறது ஜெர்மனி. நீரோட்டத்தின் நடுவே எல்லை என்கிறது நெதர்லாந்து. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக 1960-இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, எல்லைப் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு, கப்பல் போக்குவரத்து, தூர் வாருதல் போன்ற அன்றாட வேலைகளை யார் யார் செய்வது என்று பிரித்துக்கொண்டார்கள். 2014-இல் கரையிலிருந்து 3 முதல் 12 கடல்மைல் வரையிலான பகுதிக்கும் அதே பாணியில் இன்னோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. வழக்கு தீரும்வரை வயலைத் தரிசாகப் போடாமல் இருவரும் சேர்ந்து உழுது வைத்ததைப் போன்ற ஏற்பாடு இது.

மூன்று நாடுகளும் சேர்ந்து வாடன் கடலைக் காக்கும் இந்த ஒத்துழைப்பு பிறந்த கதை அன்பில் தொடங்கவில்லை. ‘கடவுள் கடலைப் படைத்தார், ஃப்ரீசியர் கரையைப் படைத்தனர்’ என்பது இந்தக் கரைமக்களின் பழைய பெருமைச் சொல். ஆயிரம் ஆண்டுகளாக அணைகட்டி, நீரை வடித்து, சேற்றை வயலாக்கி வாழ்ந்தவர்கள் அவர்கள். அதில் அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை, ஏனெனில் கடல் அவர்களுடைய ஊர்களையும் அதே அளவுக்கு விழுங்கியிருக்கிறது. ஆனால் 1960-களில் எஞ்சிய சேற்றையும் அணைகளால் அடைத்துவிடும் திட்டங்கள் நெதர்லாந்தில் பேசப்பட்டபோது, 1965-இல் 16 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் நாளிதழுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். அதைத் தொடர்ந்து அதே ஆண்டில் வாடன் கடல் பாதுகாப்புச் சங்கம் உருவானது. அதே காலத்தில் மூன்று நாட்டு ஆய்வாளர்களும் தத்தம் பகுதியைத் தனித்தனியே காப்பதில் பொருளில்லை என்று எழுதத் தொடங்கினர். 1978-இல் ஹேக் நகரில் மூன்று அரசுகளும் முதன்முறையாகக் கூடின. 1982-இல் கோபன்ஹேகனில் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. 1987-இல் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் நகரில் பொதுச் செயலகம் ஒன்று திறக்கப்பட்டது.

அந்தக் கூட்டறிக்கை சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. செயலகத்துக்கு ஒரு மீன்பிடிப் படகைத் திருப்பி அனுப்பக்கூட அதிகாரம் கிடையாது. நிர்வாக முறையும் ஆளுக்கொன்று. ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் 1985-இலும், கீழ்சாக்சனி 1986-இலும், ஹாம்பர்க் 1990-இலும் தனித்தனித் தேசியப் பூங்காக்களை அறிவித்தன. டென்மார்க் 2010-இல்தான் அறிவித்தது. நெதர்லாந்தோ பெரும்பகுதியைத் தேசியப் பூங்கா என்ற பெயரே இல்லாமல் நிலப்பயன்பாட்டுத் திட்டங்கள், இயற்கைப் பாதுகாப்புச் சட்டங்கள் வழியாகக் காக்கிறது. இத்தனை தளர்வான ஏற்பாடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதுதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்த கேள்வி. ஒரு விடை எளியது: அடியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இருக்கிறது, அதற்குப் பல் உண்டு. நெதர்லாந்தில் இயந்திரத்தால் சேற்றைக் கிளறி மட்டி அள்ளும் தொழிலுக்கு ஆண்டுதோறும் கொடுக்கப்பட்ட உரிமம் பற்றிய வழக்கில், இயற்கைக்குத் தீங்கு நேராது என்பதில் அறிவியல் அடிப்படையிலான ஐயம் எஞ்சியிருக்கும்வரை அனுமதி தரக்கூடாது என்று 2004-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே அந்தத் தொழில் அங்கே முடிவுக்கு வந்தது. கூட்டறிக்கைகள் மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆனால் இன்னொரு விடையும் உண்டு. அதைக் கடல்நாய்களின் கதையிலிருந்துதான் சொல்ல வேண்டும். சீல் என்று நாம் ஆங்கிலத்தில் சொல்வதை ஜெர்மானியரும் நம்மைப் போலவே கடல்நாய் என்றுதான் அழைக்கிறார்கள். இரண்டு மொழிகள் ஒரே விலங்கைப் பார்த்து ஒரே விதமாக ஏமாந்திருப்பதில் எனக்குச் சிறு மகிழ்ச்சி. மீனவர்களுக்கு அது போட்டியாளர், வேட்டைக்காரர்களுக்கு அது தோல். நெதர்லாந்து 1962-இலேயே வேட்டையை நிறுத்திவிட்டது. ஜெர்மன் மாநிலங்களும் டென்மார்க்கும் 1970-களில்தான் நிறுத்தின. அதாவது பத்து ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு கரையில் காப்பாற்றப்பட்ட விலங்கு நீந்தி மறுகரைக்குப் போனால் சுடப்படலாம் என்ற நிலை இருந்தது.

வேட்டை நின்ற பிறகும் டச்சுப் பகுதியில் கடல்நாய்கள் பெருகவில்லை. காரணத்தைத் தேடிய பேட்டர் ரெய்ண்டர்ஸ் என்ற டச்சு ஆய்வாளர், டெக்ஸல் தீவில் பெண் கடல்நாய்களை இரண்டு கூட்டங்களாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு வாடன் கடலின் மீனையும், மற்றொன்றுக்கு வடகிழக்கு அட்லாண்டிக்கின் தூய மீனையும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கொடுத்து வளர்த்தார். வாடன் மீனை உண்டவற்றில் குட்டி ஈன்றவை வெகு குறைவு. மீனில் சேர்ந்திருந்த பி.சி.பி. என்னும் நச்சுத் தொழிற்சாலை இரசாயனங்களே காரணம் என்று 1986-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அந்த இரசாயனங்களில் பெரும்பங்கு ரைன் ஆற்றின் வழியே வந்தது. ரைன் சுவிட்சர்லாந்தில் பிறந்து, பிரான்சின் எல்லையைத் தொட்டு, ஜெர்மனியின் தொழிற்சாலைகளைக் கடந்து நெதர்லாந்துக்கு வருவது. பூங்காவுக்கு எத்தனை வேலி போட்டாலும், கடல் இல்லாத ஒரு நாட்டின் கழிவுநீர்க் குழாய்வரை போய்ப் பேசாமல் அந்தக் கடல்நாய்க்குக் குட்டி பிறக்காது.

இரண்டு ஆண்டு கழித்து, 1988-இன் வசந்த காலத்தில், டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலுள்ள ஆன்ஹோல்ட் தீவில் குறைப்பிரசவக் குட்டிகளும் இறந்த கடல்நாய்களும் கரையொதுங்கின. அதுவரை அறியப்படாத ஒரு வைரஸ். கோடை முடிவதற்குள் நோய் வாடன் கடல் முழுவதும் பரவிவிட்டது. ஐரோப்பியக் கடல்களில் மொத்தம் சுமார் 18,000 கடல்நாய்கள் இறந்தன. வாடன் கடலில் இருந்தவற்றுள் பாதிக்கு மேல் போயின. கடற்கரைக்கு விடுமுறைக்கு வந்த குடும்பங்களின் கண்ணெதிரே பிணங்கள் ஒதுங்கியதால், அரசுகள் அசைந்தே ஆகவேண்டியிருந்தது. 1990-இல் மூன்று நாடுகளும் கடல்நாய்ப் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன; அது 1991-இல் நடைமுறைக்கு வந்தது. வலசை உயிரினங்களுக்கான பான் உடன்படிக்கை என்ற உலகளாவிய ஏற்பாட்டின் கீழ், அதன் நான்காம் பிரிவைப் பயன்படுத்தி உருவான முதல் உடன்படிக்கை இதுவே. கூட்டறிக்கையைப் போலல்லாமல் இது கட்டுப்படுத்தும் தன்மை உடையது.

உடன்படிக்கை தந்த பலன்களில் வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று, எண்ணும் முறை. அதற்குமுன் ஒவ்வொரு பகுதியும் தன் வசதிப்படி, தன் நாளில், தன் முறையில் எண்ணியது. கடல்நாய்க்கு எல்லை தெரியாது. செவ்வாய்க்கிழமை டென்மார்க்கில் எண்ணப்பட்டது வியாழக்கிழமை ஜெர்மனியில் மறுபடியும் எண்ணப்படலாம், இரண்டிலும் விட்டுப்போகவும் செய்யலாம். இப்போது ஜூன் மாதம் குட்டிகளுக்காகவும், ஆகஸ்டில் முடி உதிர்க்கும் காலத்திலும், கடல் வற்றி விலங்குகள் மணல்திட்டுகளில் ஏறிப் படுத்திருக்கும் நேரத்தில், மூன்று நாட்டு விமானங்களும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட நாட்களில் ஒருங்கே பறந்து படமெடுக்கின்றன. 1989-இல் 5,000-க்கும் குறைவாக எண்ணப்பட்டவை, 2002-இல் அதே வைரஸ் அதே ஆன்ஹோல்ட் தீவில் தொடங்கி மீண்டும் ஏறத்தாழப் பாதியைக் கொண்டுபோன பிறகும், 2012-இல் 25,000-ஐத் தாண்டின. அதன்பின் பெருக்கம் நின்று, அண்மை ஆண்டுகளில் சற்று இறங்குமுகம். காரணம் பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் நடக்கிறது; ஆனால் எண்ணிக்கையைப் பற்றிய விவாதம் நடக்கவில்லை. உன் கணக்கு தவறு, என் பக்கம் குறையவில்லை, உன் பக்கம்தான் குறைந்தது என்று மூன்று அமைச்சகங்களும் ஒன்றையொன்று குற்றம் சாட்ட வழியில்லாமல் போனதுதான் இந்த ஒத்துழைப்பின் உண்மையான சொத்து என்பது என் கருத்து. கடல்நாய்களோடு நின்றுவிடாமல் பறவை முட்டைகள், மட்டிப் படுகைகள், உவர்ச்சதுப்புப் புல், நீரிலுள்ள நைட்ரஜன் என்று பலவற்றையும் ஒரே முறையில் அளக்கும் கூட்டுக் கண்காணிப்புத் திட்டம் 1990-களில் உருவானது. அதன் தரநிலை அறிக்கைகளை வைத்துக்கொண்டுதான் அமைச்சர்கள் கூடுகிறார்கள். அறிக்கைகள் படிக்கச் சுவையானவை அல்ல. நான் இரண்டு இரவுகள் முயன்று, கடல்நாய், பறவை அத்தியாயங்களோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒருவர் கடலில் நேரும் விபத்து அடுத்தவர் கரையில் ஒதுங்கும் என்பதை நினைவூட்ட அவ்வப்போது ஒரு கப்பல் வந்துகொண்டிருக்கிறது. 1998 அக்டோபரில் மரம் ஏற்றிச் சென்ற பல்லாஸ் என்ற கப்பல் டென்மார்க் கரைக்கு அப்பால் தீப்பிடித்து, ஆளின்றி எரிந்தபடியே மிதந்து ஜெர்மன் கடலுக்குள் வந்து ஆம்ரும் தீவின் அருகே தரைதட்டியது. கசிந்த எண்ணெய் பெரிய கப்பல் விபத்துகளோடு ஒப்பிட்டால் சொற்பம். இருந்தும் சுமார் 16,000 பறவைகள் இறந்தன. யார் இழுவைக் கப்பலை அனுப்புவது, யார் கட்டளையிடுவது என்பதில் கழிந்த நாட்களின் விலை அது. 2002-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு வாடன் கடலைக் கப்பல் போக்குவரத்தில் தனிக்கவனம் தேவைப்படும் பகுதியாக அறிவித்தது. ஜெர்மனி 2003-இல் குக்ஸ்ஹாஃபனில் கடல் விபத்துகளுக்கென ஒற்றைக் கட்டளை மையம் அமைத்தது. அப்படியும் 2019 ஜனவரி முதல் நாட்களின் புயலில் எம்.எஸ்.சி. ஸோயி என்ற கப்பல் 342 சரக்குப் பெட்டகங்களைக் கடலில் சிந்தியது. டச்சுத் தீவுகளின் கரையில் பொம்மைகளும் பிளாஸ்டிக் மணிகளும் ஒதுங்கின.

மூன்று நாடுகள் ஒத்துழைத்தால் போதுமா என்றால், பறவைகளைப் பொறுத்தவரை போதாது. நாட் என்று அழைக்கப்படும் உள்ளான் வகை ஒன்று சைபீரியாவின் தைமீர் தீபகற்பத்தில் குஞ்சு பொரித்து, வாடன் கடலில் இறங்கிக் கொழுத்து, அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டேனியாவில் உள்ள பாங் தார்கான் சேற்று வெளிக்குப் பறக்கிறது. மட்டிகளை உடைக்காமல் ஓட்டோடு விழுங்கி, இரைப்பையின் தசையாலேயே நொறுக்கிச் செரிக்கும் பறவை அது. பாங் தார்கான் 1976-இல் தேசியப் பூங்காவாகி, 1989-இல் உலக மரபுச் சின்னமானது. பரப்பு 12,000 சதுர கி.மீ.; குளிர்காலத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கரைப்பறவைகள் அங்கே தங்குகின்றன. பூங்காவுக்குள் மீன்பிடிக்கும் உரிமை இம்ராகன் என்ற உள்ளூர் மக்களுக்கு மட்டும், அதுவும் பாய்மரப் படகில் மட்டும், மோட்டார் கூடாது. வாடன் கடலை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோதே, பறவைகளின் பாதையிலுள்ள பிற நாடுகளோடும் சேர்ந்து பணியாற்றுமாறு யுனெஸ்கோ குழு கேட்டுக்கொண்டது. அதன் விளைவாக வாடன் கடல் நாடுகள் ஆப்பிரிக்கக் கரை நாடுகளில் பறவை எண்ணுவோருக்குப் பயிற்சியும் கருவிகளும் கொடுக்கத் தொடங்கின. 2014-இல் பாங் தார்கானோடு தனி ஒப்பந்தமும் ஏற்பட்டது. 2014, 2017, 2020 ஆண்டுகளின் ஜனவரி மாதங்களில், ஐரோப்பாவின் வடக்கிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்முனை வரை முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரே காலத்தில் பறவைகள் எண்ணப்பட்டன. மறுபடியும் எண்ணுதல்தான்.

அப்படி எண்ணியும் அளந்தும் பார்த்ததில் ஒரு கசப்பான உண்மை தெரிந்தது. ஆர்க்டிக்கில் பனி முன்னதாகவே உருகுவதால் பூச்சிகள் பெருகும் காலமும் குஞ்சுகள் பொரியும் காலமும் பொருந்தாமல் போய், சரியான தீனியின்றி வளரும் நாட் குஞ்சுகள் சிறுத்துப்போகின்றன, அலகும் குட்டையாகிறது. குட்டை அலகோடு மொரிட்டேனியாவுக்குப் போய்ச் சேரும் இளம்பறவைக்குச் சேற்றின் ஆழத்திலுள்ள மட்டி எட்டுவதில்லை, ஆகவே அது பிழைப்பது அரிது என்று 2016-இல் டச்சு ஆய்வாளர்கள் தலைமையிலான குழு ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது. சைபீரியாவில் நடந்த தவறுக்கு ஆப்பிரிக்காவில் சாவு. இடையில் இருக்கும் வாடன் கடலை எவ்வளவு ஒழுங்காகப் பராமரித்தாலும் அந்த அலகு ஒரு மில்லிமீட்டர் நீளாது.

இந்த நாடுகள் தங்கள் வீட்டு வேலையையாவது முழுமையாகச் செய்துவிட்டன என்று எண்ணிவிட வேண்டாம். ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் தேசியப் பூங்காவின் நடுவே மிட்டல்பிளாட்டே என்ற மேடையிலிருந்து 1987 முதல் கச்சா எண்ணெய் எடுக்கப்படுகிறது. போர்க்கும் தீவுக்கு அருகே டச்சு, ஜெர்மன் கடல் எல்லையை ஒட்டிய எரிவாயுக் கிணறு பற்றி இரு நாட்டு நீதிமன்றங்களிலும் வழக்காடினார்கள். சேற்றின் அடித்தளத்தைச் சுரண்டும் இறால் வலைகளை எங்கெங்கே நிறுத்துவது என்பது ஒவ்வொரு மாநாட்டிலும் பேசப்பட்டு அடுத்த மாநாட்டுக்குப் போகிறது. கடல்நாயைக் காப்பதில் ஒத்துப்போவது எளிது, அதன் கண்கள் அப்படி. இறாலில் ஒத்துப்போவது கடினம்.

பாக் நீரிணையைப் பற்றிப் பேசாமல் இதை எழுத என்னால் முடியவில்லை. அங்கே நிலைமை நேர்மாறானது. இந்தியாவும் இலங்கையும் 1974-இலும் 1976-இலும் ஒப்பந்தங்கள் செய்து கடல் எல்லையைத் துல்லியமாக வரைந்துவிட்டன. அட்சரேகை, தீர்க்கரேகைகளோடு கோடு இருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள். 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பில் கடற்பசுப் பாதுகாப்பகம். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆதாம் பாலம் கடல்சார் தேசியப் பூங்கா, விடத்தல்தீவு இயற்கை ஒதுக்ககம். இரு பக்கமும் காகிதத்தில் காடும் கடலும் காக்கப்படுகின்றன. நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு மேய்வது இரு கரைகளையும் ஒட்டிய கடற்புல் வெளியில். அதற்குக் கோடு தெரியாது. இந்த இரு நாடுகளும் அதே பான் உடன்படிக்கையின் கீழ் கடற்பசுவுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை. கடல்நாய்க்கு எந்தக் குடை விரிந்ததோ அதே குடைதான் ஆவுளியாவுக்கும் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. கீழே யாரும் சேர்ந்து நிற்கவில்லை.

ஒப்பீட்டை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. வாடன் கடலில் மூன்றும் செல்வம் மிக்க நாடுகள், மூன்றும் ஒரே ஒன்றியத்தின் உறுப்பினர்கள். சேற்றை நம்பி உலைவைக்கும் குடும்பங்கள் சில ஆயிரம் இருந்தால் அதிகம். இங்கே கடலடியைச் சுரண்டி மீன் அள்ளும் இழுவைமடி வலைக்கு வாங்கிய கடனைக் கட்ட வேண்டிய ராமேசுவரத்துக்காரரும், முப்பது ஆண்டுப் போரில் கடலையே இழந்திருந்து, திரும்பி வந்து வலை வீசினால் அதை இழுவைமடி அறுத்துக்கொண்டு போவதைப் பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரரும் எதிரெதிரே நிற்கிறார்கள். இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டப்படி தடைசெய்த பிறகும் சிறைப்பிடிப்பும் படகுப் பறிமுதலும் ஓயவில்லை. இந்தச் சூழ்நிலையில் கூட்டுப் பூங்கா என்று பேசினால் ஊரில் எனக்குத் தெரிந்த சம்மாட்டிகள், அதாவது படகு முதலாளிகள், சிரிப்பார்கள். ஆனால் ஒரே மாதத்தில், ஒரே முறையில், இரு கரைகளிலும் கடற்புல் எவ்வளவு, ஆவுளியா எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதற்கு எந்தப் படகையும் விடுவிக்கத் தேவையில்லை, கச்சத்தீவைப் பற்றி ஒரு சொல்லும் பேசத் தேவையில்லை. எம்ஸ் முகத்துவாரத்தில் எல்லையைப் பேசாமலேயே அறுபது ஆண்டுக்கு மேலாக வேலை நடக்கிறது.

நொய்வெர்க் தீவை நாங்கள் அடைந்தபோது நண்பகல் ஆகியிருந்தது. கப்பல் வர நீர் ஏற வேண்டும். நீர் ஏற நான்கு மணி நேரம் இருந்தது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய செங்கல் கோபுரத்தில் ஏறி இறங்கிவிட்டு, அணைக்கரையின் மேல் நடந்து போனபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்திக்கொண்டு புல்லில் அமர்ந்திருந்தார். நீர் ஏறும்போது சேற்றில் மேய்ந்த பறவைகளுக்கு நிற்க இடமில்லாமல் எல்லாம் எஞ்சிய மேட்டில் வந்து நெருக்கியடித்து நிற்கும். எண்ணுவதற்கு அதுவே தக்க நேரம். எப்படி எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். முதலில் நூறு பறவைகளை ஒன்றொன்றாக எண்ணி, அந்த நூறு கண்ணில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் பிடித்துக்கொண்டு, பிறகு அந்த அளவைக் கூட்டத்தின் மேல் எடுத்து வைத்துக்கொண்டே போக வேண்டும் என்று சொல்லித் தொலைநோக்கியை என் பக்கம் திருப்பினார். படி வைத்து நெல் அளப்பதுபோல என்று சொல்லத் தோன்றியது. ஜெர்மனில் அதைச் சொல்லும் வழி தெரியாததால் விட்டுவிட்டேன். நான் 1,400 என்றேன். அவர் 1,850 என்று வைத்திருந்தார். என் கணக்கு ஏன் குறைந்தது என்பதை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோதே எங்கிருந்தோ ஒரு வல்லூறு தாழப் பறந்து வந்தது. மேட்டிலிருந்த அத்தனையும் ஒரே வீச்சில் எழுந்து, புகைபோலச் சுழன்று, ஒரு கணம் வெள்ளையாகவும் மறுகணம் சாம்பலாகவும் மாறி, தீவின் மறுபுறத்துக்குப் போய்விட்டன. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. குறிப்பேட்டில் நேரத்தையும் வல்லூறையும் எழுதிவிட்டு, முக்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு, நீர் இறங்கத் தொடங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று சொல்லி மறுபுறம் நோக்கி நடந்தார்.